கல்லோடு சேர்த்து ஊரையும் எழுதி வையுங்கள்

கல்லாகிப்போன பழங்கால உயிர்களைத் தேடி எங்கள் குழு பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக்குப் போவது பெரும்பாலும் தை மாதத்தில்தான். ஐப்பசி கார்த்திகை மழை அந்த மண்ணைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும். களிமண் போய்விட, அதற்குள் இருந்த கெட்டியான பொருள் மட்டும் மேலே தங்கிக் கிடக்கும். செடிகொடி மூடுவதற்குள் போய்விட்டால் சுத்தியலை வெளியே எடுக்காமலே பத்துக் கோடி வருடத்துக் கடலைக் குனிந்து பார்க்கலாம்.

நான் திருச்சியில் ஒரு மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட். நிலவியல் படித்தவள் இல்லை. குழுவில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான். பெல் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, இரண்டு பள்ளி ஆசிரியைகள், போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர், அவருடைய ஏழாம் வகுப்புப் பையன் என்று கலவையான கூட்டம். எங்களுக்கு வழிகாட்டி, கல்லூரியில் நிலவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். எல்லோருக்கும் அவர் 'சார்'தான். அவர் போட்ட விதிகள் இல்லையென்றால் நாங்கள் வெறும் கல் பொறுக்கும் கூட்டமாகத்தான் இருந்திருப்போம்.

காலை ஐந்தரைக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இருந்து வேன் கிளம்பியது. சென்னை சாலையில் சமயபுரம் தாண்டி, பாடாலூரில் டீ குடித்துவிட்டுக் கிழக்கே திரும்பினோம். ஊட்டத்தூர் வரும்போது பொழுது நன்றாக விடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது, இடையிடையே அறுத்து முடித்த மக்காச்சோளக் கொல்லை. அப்புறம் சட்டென்று கரிசல் விட்டுப்போய், பயிர் பச்சையே இல்லாத ஒரு நிலம் வருகிறது. சின்னச் சின்ன மேடு, அவற்றுக்கு நடுவே மழைநீர் வெட்டிய பள்ளம், பள்ளத்துக்குள் இன்னும் சின்னப் பள்ளம். மஞ்சள், சாம்பல், துருச் சிவப்பு என்று மண் பட்டை பட்டையாகத் தெரியும். அதில் குறுக்கும் நெடுக்குமாக ஜிப்சக் கோடுகள் வெயிலில் மின்னும். இதுதான் காரை.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்தது. பிரிந்த இடத்தில் நிலம் தாழ்ந்தது, கடல் உள்ளே வந்தது. இன்றைய அரியலூர் மாவட்டத்தின் பெரும்பகுதியும் பெரம்பலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் திருச்சி மாவட்டத்தின் வடகிழக்கு ஓரமும் அந்தக் கடலுக்கு அடியில் இருந்தன. கடல் பல முறை ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் மணலும் சேறும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்தன. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு டைனோசர்கள் அழிந்த காலம் வரைக்குமான கதையும், அதற்குச் சற்றுப் பிந்தைய கதையும் இந்த அடுக்குகளில் இருக்கின்றன. ஒரு கடலின் இவ்வளவு நீண்ட வரலாற்றை வேனில் ஒரே நாளில் சுற்றிவர முடிகிற ஊர்கள் உலகத்தில் அதிகம் கிடையாது. இது நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மேலெல்லாம் சிலிர்க்கும்.

இறங்கியதும் சார் விதிகளை ஒரு தடவை சொன்னார். தெரிந்ததுதான், இருந்தாலும் ஒவ்வொரு முறையும் சொல்வார். மேலே கிடப்பதை மட்டும்தான் தொட வேண்டும், தோண்டக்கூடாது. ஒரே மாதிரிப் பொருள் பத்துக் கிடந்தால் ஒன்று போதும். முதுகெலும்பு, பல் மாதிரி எது தெரிந்தாலும் கை வைக்காமல் அவரைக் கூப்பிட வேண்டும். எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் எடுத்த இடத்திலேயே, நின்ற நிலையிலேயே எண் போட்டு நோட்டில் எழுத வேண்டும். "வேனுக்குப் போய் எழுதிக்கலாம்னு நெனைச்சா அதை இங்கயே போட்டுட்டு வந்துடுங்க" என்றார்.

முதலில் கண்ணில் படுவது பெலம்னைட். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான ஒரு உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி இது. விரல் நீளம், ஒரு முனை கூர், மறுமுனையில் கூம்பு வடிவில் ஒரு குழி. தேன் நிறத்தில், சில சமயம் வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். முழுசாகக் கிடைப்பது அபூர்வம், துண்டுகள்தான் நிறைய. உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தால் நடுப்புள்ளியில் இருந்து எல்லாப் பக்கமும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் ஊசிகள் விரிந்து நிற்கும். அவற்றைக் குறுக்கே வெட்டி வட்டம் வட்டமாக வளர்ச்சிக் கோடுகள். அந்த உயிர் வளர வளர ஒரு படலத்துக்கு மேல் இன்னொரு படலமாகச் சேர்த்துக்கொண்டே போனதன் அடையாளம் அது. சுருண்டு கிடக்கும் சின்னப் புழுக்குழல்களும் காரையில் ஏராளம். சட்டைப் பொத்தான் அளவில் காலடியெல்லாம் கிடக்கும், தெரியாதவர்கள் நத்தை என்று நினைத்துக்கொள்வார்கள்.

குழுவில் அமில பாட்டில் என் பொறுப்பு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், டிராப்பர் வைத்த சின்ன பாட்டில். வேண்டாத ஒரு பெலம்னைட் துண்டில் ஒரு சொட்டு விட்டால் உடனே நுரைத்துப் பொங்கும், கால்சைட் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் கிடக்கும் ஜிப்சத் தகடு பளபளப்பில் அதையும் மிஞ்சும், ஆனால் சொட்டு விட்டால் அப்படியே நனைந்து கிடக்கும். நகத்தால் கீறினால் கோடு விழும். போட்டோ ஸ்டுடியோக்காரரின் பையன் இதை ஒரு பத்துக் கல்லிலாவது செய்து பார்க்க வேண்டும் என்று என் பின்னாலேயே வந்தான். நல்ல மாதிரியில் அமிலம் விடவே கூடாது என்பதையும் அவனுக்குச் சொல்லி வைத்தேன்.

மேட்டு மேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, நத்தைக்கல்லு பொறுக்க வந்தீங்களா?"

"ஆமாம் ஆயா. பார்க்கத்தான் வந்தோம், ஒண்ணு ரெண்டுதான் எடுப்போம்."

"போன வருசம் ஒரு பஸ்சு நெறைய புள்ளைங்க வந்துச்சுங்க. சாக்குல கட்டி எடுத்துக்கிட்டுப் போச்சுங்க. எதுக்கு ஆவுதுன்னுதான் தெரியல" என்றார். அப்புறம் கையை நீட்டி, "அந்தாண்ட ஓடை இந்த மழைக்கு நல்லா அரிச்சிருக்கு, அங்க போய்ப் பாருங்க" என்று வழியும் காட்டினார்.

அந்தச் சாக்கு மூட்டைகள் எங்கே போயின என்று யோசித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. எந்த ஆய்வகத்து அலமாரியிலோ, யார் வீட்டு மாடியிலோ, எழுத்தே இல்லாமல் கிடக்கும். எங்கள் கடையில் அட்டை கிழிந்து பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் போன மாத்திரையை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். உள்ளே இருப்பது நல்ல மருந்தாகவே இருக்கலாம், ஆனால் அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. அம்மோனைட் என்பது சுருண்ட ஓட்டோடு அந்தக் கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு உயிர். எங்கே, எந்த அடுக்கில் எடுத்தது என்று தெரியாத அம்மோனைட்டும் எனக்கு அப்படித்தான்.

ஆயா காட்டிய ஓடைக்குப் போனோம். அங்கேதான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த முக்கியமான பொருள் இருந்தது, கண்டது அந்தப் பையன். ஓடைச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு அம்மோனைட், பாதி வெளியே, பாதி களிமண்ணுக்குள். உள்ளங்கை அகலம். துருப் பழுப்பு நிறம். ஓட்டின் மேல்தோல் உதிர்ந்துபோய் உள்ளே நிரம்பி இறுகிய சேறு தெரிந்தது. எல்லோரும் ஓடையிலேயே உட்கார்ந்துவிட்டோம். சார் பையனுடைய கையைப் பிடித்து அதன் பக்கவாட்டில் மெதுவாகத் தடவ வைத்தார். முதலில் பருமனான விலா வரிகள். அவற்றுக்கு இடையில், கூர்ந்து பார்த்தால் மட்டும், மயிரிழைக் கோடுகள். ஒவ்வொரு கோடும் வளைந்து, நெளிந்து, அந்த நெளிவுக்குள்ளும் இன்னொரு நெளிவு. ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுத்த சுவர்கள் வெளி ஓட்டைத் தொட்ட இடம்தான் அந்தக் கோடு. கடைசி அறையில் உயிர் குடியிருக்கும். வளர்ந்ததும் முன்னால் நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். விட்டு வந்த அறைகளில் காற்று நிறைந்து ஓடு மிதக்க உதவும். அறைகளை இணைத்து ஒரு மெல்லிய குழாய் ஓடும். இன்றும் கடலில் இருக்கும் நாட்டிலஸுக்கு அந்தக் குழாய் சுவரின் நடுவில் போகிறது, அம்மோனைட்டுக்கு வெளி ஓரமாகப் போகும். சுவர்க்கோடு எப்படி நெளிகிறது என்பதை வைத்தே இனத்தைப் பிரிப்பார்கள்.

பெல் தம்பதியில் அந்த அம்மா, "இது சாளக்கிராமம்தானே சார்?" என்று கேட்டார். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்களுக்குள் இருப்பதும் அம்மோனைட்தான், ஆனால் அது இதைவிடப் பழையது, ஜுராசிக் காலத்தது, வேறொரு கடல் என்று சார் சொன்னார். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது.

பையனுக்கு அதை எடுக்க வேண்டும் என்று ஆசை. சார் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடையின் தரையில் உருண்டு கிடந்த இன்னொரு அம்மோனைட் துண்டைக் காட்டி, "இது எங்கிருந்து வந்துச்சு சொல்லு" என்றார். பையன் சுவரைப் பார்த்தான், மேலே பார்த்தான். அவனால் சொல்ல முடியவில்லை. மேல் அடுக்கில் இருந்து விழுந்திருக்கலாம், மேற்கே எங்கிருந்தோ தண்ணீர் உருட்டி வந்திருக்கலாம். ஒரு ஆள் உயரச் சுவரில் அடிக்கும் நுனிக்கும் நடுவில் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் இருக்கலாம். சுவரில் பதிந்து இருப்பதற்கு மட்டும்தான் தன் வயதும் தன் இடமும் சொந்தம். அதனால் எங்கள் நோட்டில் ஒரு கட்டம் இதற்காகவே இருக்கிறது: பதிந்திருந்ததா, உருண்டு கிடந்ததா. எண், தேதி, எடுத்தவர், ஊர், ஓடையா வயலா, செல்போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, பக்கத்தில் வேறு என்ன இருந்தது, எல்லாம் அதற்கப்புறம்.

சுவரில் இருந்ததை எடுக்கவில்லை. அளவுக்கோலை அருகில் வைத்துப் பல கோணங்களில் படம் எடுத்தோம். மண் நிறம் எங்கே மாறுகிறது, அதில் இருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று அளந்து பையனே வரைந்தான். உருண்டு கிடந்த துண்டை எடுத்துக்கொண்டோம். ஒரு ஓரத்தில் வெள்ளைக் கரெக்‌ஷன் மையைப் பொட்டாக வைத்து, காய்ந்ததும் அதன் மேல் எண் எழுதிச் செய்தித்தாளில் சுற்றினோம்.

அங்கே உட்கார்ந்துதான் சார் ஸ்டோலிச்காவைப் பற்றிச் சொன்னார். இந்த ஊர்க் கற்களை முதலில் சேகரித்தவர்கள் 1840-களில் சென்னை மாகாணத்தில் இருந்த கே, கன்லிஃப் என்ற ஆங்கிலேயர்கள். அவர்கள் அனுப்பியதை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் லண்டனில் விவரித்தார். அடுத்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதி முழுவதையும் சுற்றி வரைபடம் போட்டு 1862-இல் அறிக்கை வெளியிட்டார். அவர்கள் சேர்த்துவந்த குவியலை எடுத்துக்கொண்டு கல்கத்தாவில் உட்கார்ந்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இன்றைய செக் குடியரசில் இருக்கும் மொராவியாவில் பிறந்தவர். 1863 முதல் 1873 வரை நான்கு பெரிய தொகுதிகளாகத் தென்னிந்தியாவில் கிரிட்டேசியஸ் என்னும், டைனோசர்களின் கடைசிக் காலகட்டத்து உயிர்களை விவரித்தார். அடுத்த ஆண்டே, மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் பயணத்தில் இருந்து திரும்பும் வழியில், லடாக்கில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 36. லே நகரில் அவருடைய கல்லறை இருக்கிறது.

சார் செல்போனில் அந்தப் பழைய புத்தகத்தின் பக்கங்களைத் திறந்து காட்டினார். கல்லில் அச்சடித்த படங்கள், ஒவ்வொரு விலா வரியும் துல்லியம். ஆனால் என்னை நிறுத்தியது படம் இல்லை. ஒவ்வொரு உயிருக்கும் கீழே அது கிடைத்த இடம் எழுதியிருக்கிறது: ஊட்டத்தூர், ஒதியம், மரவத்தூர், காரப்பாடி, அரியலூர். எழுத்துக்கூட்டல் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்தபடி இருந்தாலும் ஊர் நம் ஊர்தான். இந்தக் கிராமங்களின் பெயர்கள் அன்றைக்கே உலகத்து ஆராய்ச்சிப் புத்தகங்களுக்குள் போய்விட்டன. ஊட்டத்தூரின் பெயரிலும் காரப்பாடியின் பெயரிலும் அம்மோனைட் பேரினங்களே இருக்கின்றன. நூற்றைம்பது வருடம் கழித்து ஒரு மாணவி அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒதியத்துக்குப் பஸ் ஏறி அந்த அடுக்கைத் தேட முடிகிறது. அந்த ஒரு வரியை அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் முடியுமா?

பத்தரை மணிக்கே வெயில் கொளுத்தியது. சாத்தனூருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சாத்தனூர் கல்மரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஓடைக்குள் படுத்த வாக்கில் 18 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு மரம், முழுக்கக் கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதை வெளியுலகத்துக்குத் தெரிவித்தார். 12 கோடி ஆண்டு என்று பலகை சொல்கிறது. ஊசியிலை மர வகை. ஆறு இழுத்து வந்து கடலோரத்தில் சேற்றில் புதைத்திருக்கிறது. மரம் மக்குவதற்குள் சிலிக்கா கரைந்த நீர் உள்ளே இறங்கி மரத்தின் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டது. தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்துக் கம்பி வேலி போட்டுக் காக்கிறார்கள். அங்கே மர நிழலில் உட்கார்ந்து புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். இந்த மரத்தைப் பற்றி எழுத எனக்கு இதற்கு மேல் இல்லை. அது பத்திரமாக இருக்கிறது, அது போதும்.

பத்திரமாக இல்லாமல் போன ஒன்றைப் பற்றி அரியலூர் போகும் வழியில் பேச்சு வந்தது.

அரியலூருக்குக் கிழக்கே கல்லமேடு என்று ஒரு இடம். கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணடுக்கு அங்கே இருக்கிறது. டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி. அங்கே மிகப் பெரிய எலும்புகள் கிடைத்தன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் அவற்றைப் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு 1980-களின் கடைசியில் வெளியிட்டார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம். முதலில் அது ஊனுண்ணி என்று கருதப்பட்டது. பிற்பாடு மற்ற ஆராய்ச்சியாளர்கள் நீண்ட கழுத்துத் தாவர உண்ணியாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அளவைப் பார்த்தால் பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம்.

ஆனால் எலும்புகள் இப்போது இல்லை. அந்த மண்ணில் இருந்த எலும்பு நொறுங்கக்கூடியது, ஈரம் ஏறினால் உதிர்ந்துவிடும். அப்படியே சிதைந்துபோயின. மிச்சம் இருந்தது அந்தக் கட்டுரையில் இருந்த சில கோட்டோவியங்கள் மட்டும். அவற்றை வைத்து உலகம் முழுக்கச் சந்தேகம் எழுந்தது. இது எலும்புதானா, இல்லை கல்லாகிப்போன மரமா என்று கூடக் கேட்டார்கள். அதே சுற்றுவட்டாரத்தில்தானே சாத்தனூர் மரமும் இருக்கிறது! 2022-இல்தான் அந்தக் காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை அய்யாசாமியும் இன்னொரு ஆராய்ச்சியாளரும் வெளியிட்டார்கள். அவற்றைப் பார்த்தவர்கள் எலும்புதான் என்ற பக்கம் சாய்ந்தார்கள். ஆக, உலகத்திலேயே பெரியதாக இருந்திருக்கக்கூடிய ஒரு விலங்கு இன்றைக்கு நமக்கு இருப்பது சில படங்களாலும் சில பக்கங்களாலும்தான்.

வேனில் கொஞ்ச நேரம் ஒரே வாக்குவாதம். எங்கள் குழுவில் ஒருவர் நல்ல மாதிரிகளை மெருகேற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும், அப்போதுதான் மக்கள் மதிப்பார்கள் என்கிற கட்சி. ஆசிரியைகளில் ஒருவர், இருக்கிற இடத்திலேயே விட்டுவிட வேண்டும், எதையும் எடுக்கக்கூடாது என்கிற கட்சி. நான் நடுவில் நிற்கிறேன். காரை ஓடையில் விட்டால் அடுத்த மழை அதை உடைத்துவிடும், அது கண்முன்னால் நடக்கிறது. எடுக்கத்தான் வேண்டும். ஆனால் குறைவாக எடுக்க வேண்டும், எழுதி எடுக்க வேண்டும், எடுத்ததை நாலு பேர் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் சேர்க்க வேண்டும். புவி மரபுச் சின்னங்களைக் காக்க மத்திய சுரங்க அமைச்சகம் 2022-இல் ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. அந்த மாதிரிச் சட்டம் சீக்கிரம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கூடவே, எங்களைப் போன்ற ஆட்களும் ஊர்ப் பிள்ளைகளும் முறையாகச் சேகரிக்க அதில் ஒரு வழி இருக்க வேண்டும்.

பிற்பகலில் அரியலூர் அருகே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒரு மணி நேரம் அனுமதித்தார்கள். மஞ்சள் தொப்பி, ஒளிரும் அங்கி, கூடவே ஒரு மேற்பார்வையாளர். பெரும்பாலும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் என்று சொல்லப்படும் அடுக்கு, சுமார் 7 கோடி ஆண்டு. காரையில் காலையில் தொட்டதற்கும் இதற்கும் நடுவே ஏறக்குறைய 3 கோடி ஆண்டு இடைவெளி. சுரங்கச் சுவரைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. சுவரே சிப்பிதான். அடியில் இருந்து மேல் வரைக்கும் அடைசலாக, பருத்து வளைந்த சிப்பிகள். விரல் கனத்துக்கு ஓடு. விளிம்பு ரம்பப் பல்லாக மடிந்த ஒரு வகைச் சிப்பியும் நடு நடுவே இருந்தது. பல சிப்பிகளுக்கு இரண்டு ஓடும் மூடியபடியே இருந்தன. செத்துப் பிரிந்து அலையில் உருண்டு வந்திருந்தால் இரண்டும் தனித்தனியாகப் போயிருக்கும். அப்படியானால் அவை வாழ்ந்த இடத்திலேயே, அல்லது வெகு பக்கத்தில், புதைந்தவை. கீழே உதிர்ந்து கிடந்த கல்லில் இருந்து ஆசிரியை ஒருவர் ஒரு கடல் முள்ளெலியின் (சீ அர்ச்சின்) ஓட்டைப் பொறுக்கினார். மேலே ஐந்து இதழாகத் துளைவரிசை. மண்ணைப் பல் துலக்கும் பிரஷால் தட்டிவிட்டதும் துளைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

சுரங்கம் இல்லையென்றால் இந்தச் சுவர் திறந்திருக்காது. சுரங்கம் இருப்பதால் இந்தச் சுவர் அடுத்த மாதம் இருக்காது. சிமென்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நான் குடியிருக்கும் வீடும் சிமென்டில் கட்டியதுதான். ஆனால் வெட்டி முடித்த ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு பத்து மீட்டர் சுவரை வெட்டாமல் விட்டு, மேலே ஒரு கூரை போட்டு, பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்க ஒரு படிக்கட்டு வைத்தால் என்ன? கேட்டோம். மேற்பார்வையாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மேலிடத்துக்கு எழுதித் தரச் சொன்னார். எழுதி அனுப்பியிருக்கிறோம்.

வழியில் வாரணவாசியில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும் பார்த்தோம். இந்தப் பகுதித் தொல்லுயிர் எச்சங்களுக்கு என்றே உள்ள இடம். அரியலூர்ப் பக்கம் போகிறவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். 2020-இல் குன்னத்தில் ஒரு குளத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று வாட்ஸப் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். வந்து பார்த்த வல்லுநர்கள் அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு என்று சொன்னார்கள். ஊரில் நாலு பேர் இந்த அருங்காட்சியகத்தைப் பார்த்திருந்தால் அந்த வதந்தி பரவியிருக்காது என்று எனக்குத் தோன்றும்.

திரும்பும்போது கீழப்பழுவூர், கல்லக்குடி வழி. கல்லக்குடி என்றால் 1953 போராட்டம்தான் நினைவுக்கு வரும். டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லித் தண்டவாளத்தில் படுத்த ஊர். டால்மியா சிமென்ட் ஆலை அங்கே வந்ததற்குக் காரணமான சுண்ணாம்புக்கல், சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய பவளத் திட்டு. சார் இதைச் சொன்னபோது வேனில் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். மறுபடி எழுப்பிச் சொல்ல வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் சார் வீட்டு வராந்தாவில் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கினோம். பேராசைப்பட்டு எடுத்ததாக எதுவும் இல்லை, ஒரு காய்கறிக் கூடைக்குள் அடங்கியது. நோட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்றினேன். எண் அழிந்துபோயிருந்த ஒரு பெலம்னைட் துண்டை யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அதைப் பையனிடம் அமிலப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டோம். கடல் முள்ளெலி இனம் சரிபார்க்க ஒரு ஆராய்ச்சி மாணவியிடம் போயிருக்கிறது. மற்றவை இரண்டு மரப்பெட்டிகளில், ஒவ்வொன்றுக்கும் சீட்டோடு, ஆசிரியைகளின் பள்ளிக்குப் போகின்றன. ஓடைச் சுவர் அம்மோனைட்டின் படமும், பையன் வரைந்த அடுக்குப் படமும், இடக் குறிப்பும் அந்தப் பெட்டியிலேயே இருக்கும்.

அடுத்த முறை கருடமங்கலம் போவதாகப் பேச்சு. அங்கே சிப்பியும் சங்கும் இறுகி மெருகேறக்கூடிய கல்லாகவே இருக்கின்றன, வெள்ளைக்காரர்கள் காலத்தில் திருச்சி மார்பிள் என்று மேசைக்கும் அலங்காரத்துக்கும் வெட்டினார்கள். வர நினைப்பவர்கள் தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், பழைய செய்தித்தாள், அழியாத மை பேனா கொண்டு வாருங்கள். சுத்தியல் வேண்டாம், எங்களிடம் இருக்கும் ஒன்றே அதிகம்.